சன்மைக்கா ஒட்டும் முன், பின்னால் இருக்கும் பலகையைப் பாருங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்குப் பிறகு இங்கே வீடு கட்டிக் குடியேறியவர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறீர்கள். சுவர் எழுப்பி, தரை போட்டு, வர்ணம் அடித்து முடித்த பிறகு கையில் மிச்சம் இருக்கும் பணம் அலமாரி வேலைக்குப் போகிறது. பலருக்கு அது வீட்டுக் கடனின் கடைசித் தவணை அல்லது நகையை அடகு வைத்து வாங்கிய பணம். அந்தப் பணத்தை எப்படிச் செலவு செய்வது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கடைக்குப் போகிறோம். ஒரு தடித்த ஆல்பத்தை எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள். தேக்கு மாதிரி, பளிங்கு மாதிரி, சாக்லேட் நிறம், தந்த நிறம் என்று நூற்றுக்கணக்கான துண்டுகள். குடும்பத்தோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் நிறம் தேர்ந்தெடுக்கிறோம். அந்தத் தகட்டின் கனம் வெறும் 1 மில்லிமீட்டர். அதற்குப் பின்னால் வரும் பலகையின் கனம் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர். அந்த 18 மில்லிமீட்டரைப் பற்றி நாம் இரண்டு நிமிடம்கூடக் கேட்பதில்லை. உங்கள் அலமாரி 3 வருடம் நிற்குமா, 20 வருடம் நிற்குமா என்பதை முடிவு செய்வது அந்தப் பலகையும், அதன் விளிம்பை எப்படி மூடினார்கள் என்பதும்தான். இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவே. மற்றவை இதற்கான விளக்கம்.

மைக்கா இல்லாத மைக்கா

முதலில் பெயரைப் பார்ப்போம். நம் ஊரில் இதை 'சன்மைக்கா' என்கிறோம், சுருக்கி 'மைக்கா' என்கிறோம். சன்மைக்கா என்பது ஒரு வியாபாரப் பெயர். ஃபோட்டோ நகலை ஜெராக்ஸ் என்று சொல்வதைப் போல, எந்த நிறுவனத்தின் தகடாக இருந்தாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சரியான பொதுப் பெயர் லேமினேட்.

மைக்கா என்பது அப்பிரகம். நம் தாத்தா பாட்டிகள் காக்காப்பொன் என்று சொல்வார்களே, அதுதான். மின்சாரம் பாயாமல் தடுப்பதற்காக ஒரு காலத்தில் மோட்டார்களிலும் மின்கருவிகளிலும் அப்பிரகத்தை வைத்தார்கள். 1912-ல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பணியாற்றிய டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இரண்டு பொறியாளர்கள் அதற்கு மாற்றாக, பிசினில் ஊறிய அடுக்குகளை அழுத்தி ஒரு தகடு செய்தார்கள். 1913-ல் சின்சினாட்டி நகரில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். 'மைக்காவுக்குப் பதிலாக' என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் ஃபார்மைக்கா என்று பெயர் வைத்தார்கள். ஆக, மைக்கா வேண்டாம் என்பதற்காகப் பிறந்த பொருளைத்தான் நாம் கடையில் மைக்கா என்று கேட்டு வாங்குகிறோம். இன்று நம் வீட்டுக்கு வரும் தகட்டில் அப்பிரகம் கிடையாது. இருப்பது காகிதமும் பிசினும்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு துண்டை எடுத்து பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பழுப்பு நிறம் தெரியும். அது கிராஃப்ட் காகிதம். சிமெண்ட் மூட்டைக்குப் பயன்படும் காகிதத்தின் இனம். அதை ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினில் ஊறவைத்துப் பல அடுக்காக வைக்கிறார்கள். குக்கரின் கறுப்புக் கைப்பிடிக்கு பேக்கலைட் என்று சொல்கிறோமே, அதே குடும்பத்துப் பிசின்தான் இது.

அதன்மேல் நிறமோ மர ரேகையோ அச்சிட்ட ஒரு தாள். அதற்கு மெலமைன் பிசின். மெலமைன் தட்டுகளில் இருப்பதும் இதுவே. இத்தனையையும் அடுக்கி, 120 டிகிரிக்குக் குறையாத சூட்டில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறையாத எடையில் அழுத்துகிறார்கள். பிசின் இறுகி ஒரே தகடாகிறது. வெந்த முட்டை மறுபடி திரவமாகாது அல்லவா? அதுபோல இந்தப் பிசினும் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது.

இதிலிருந்து நமக்கு இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, மேல்பரப்பு கடினமானது. நீர் இறங்காது, சுலபத்தில் கீறல் விழாது, துடைத்தால் சுத்தமாகும். இரண்டு, நீங்கள் பார்க்கும் தேக்கு ரேகை ஒரு புகைப்படம். ஆழமாகக் கீறிவிட்டால் மரத்தைப் போல இழைத்துச் சரிசெய்ய முடியாது. அடியில் இருப்பது பழுப்புக் காகிதம்.

தண்ணீர் எங்கே நுழைகிறது?

"மைக்கா ஒட்டியும் ஊறிப்போச்சு" என்று பல வீடுகளில் கேட்டிருப்பீர்கள். ஊறியது மைக்கா அல்ல, பலகை. தண்ணீர் மேல்பரப்பு வழியாக நுழைவதில்லை. விளிம்பு வழியாகவும், திருகு போட்ட ஓட்டை வழியாகவும், தரையைத் தொடும் அடிப்பக்கம் வழியாகவும், ஓதம் ஏறிய சுவரைத் தொடும் பின்பக்கம் வழியாகவும் நுழைகிறது.

உங்கள் சமையலறையில் இந்த 4 இடங்களைத் தொட்டுப் பாருங்கள். சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரியின் தரைப்பலகை. குழாய் சுவரிலிருந்து வெளியே வரும் இடம். அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரிக் கதவின் அடி விளிம்பு. தரை கழுவும்போது தண்ணீர் படும் கீழ் விளிம்பு. மூன்றாவது இடத்தை யாரும் கவனிப்பதில்லை. இட்லிப் பானையின் ஆவியும் குக்கர் விசிலும் தினமும் அங்கேதான் படுகின்றன. விளிம்பு உப்பியிருந்தால் பலகை ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் சொந்த ஊர் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். மலையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்து சுவர் காய நாளாகும். சுவரோடு ஒட்டிச் செய்யும் அலமாரிக்குப் பின்னால் ஒரு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்பலகையின் இரு பக்கமும் மூடியிருக்க வேண்டும். சமவெளியிலும் புதிதாகப் பூச்சு வேலை முடித்த சுவர் நன்றாகக் காயும் முன் அலமாரியை மாட்ட விடாதீர்கள்.

சமையல் மேடைக்கு எது?

வெளிநாட்டு வீடுகளின் படங்களில் சமையல் மேடைக்கே லேமினேட் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, "நாமும் போடலாமா, கல்லைவிடச் செலவு குறையுமே" என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே அது பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது உண்மை. ஆனால் நம் சமையல் வேறு. வடை சுடும் எண்ணெய் 180 டிகிரி வரை காய்கிறது. அந்த வாணலியை இறக்கி அப்படியே மேடையில் வைப்போம். தகடு ஒருவேளை தாங்கினாலும், அதைப் பலகையோடு பிடித்திருக்கும் வெள்ளைப் பசை சூட்டில் இளகிவிடும். தகடு குமிழ் மாதிரி எழும்பும். கிரைண்டர் ஓடும்போது மாவுத் தண்ணீர் வழியும். சிங்க்கைச் சுற்றி நாள் முழுக்க ஈரம். தேங்காய்த் துருவியை மேடை விளிம்பில் திருகி மாட்டுவோம்.

அதனால் என் யோசனை: மேடைக்குக் கல் போடுங்கள். கிரானைட்டோ கடப்பாவோ, உங்கள் வசதிப்படி. மேடைக்குக் கீழே கதவுகளுக்கும், மேல் அலமாரிகளுக்கும், துணி அலமாரிக்கும், படிக்கும் மேசைக்கும், டிவி பலகைக்கும் லேமினேட் மிகப் பொருத்தமானது. சூடும் தேங்கும் நீரும் இல்லாத இடத்தில் அதன் நல்ல குணங்கள் எல்லாம் பயன்படும்.

பின்னால் வரும் பலகை

கடையில் கிடைக்கும் பலகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கான தரம். அதில் எம்.ஆர். என்று போட்டிருந்தால் காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும் என்று மட்டுமே அர்த்தம். தண்ணீரில் நனையலாம் என்று அர்த்தமில்லை. துணி அலமாரிக்கு அது போதும், சமையலறைக்குப் போதாது. ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. வீடு முழுக்க இதைப் போட வேண்டியதில்லை. சிங்க்குக்குக் கீழேயும் தரையைத் தொடும் பகுதியிலும் இதைக் கேளுங்கள்.

பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளையும் சிம்புகளையும் பசையோடு அழுத்தியது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் நம்முடையது. கரும்புச் சக்கையிலிருந்தும் இந்த வகைப் பலகை செய்ய முடியும். விலை குறைவு. ஒருமுறை ஊறினால் பிஸ்கட் மாதிரி உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. திருகு ஒருமுறை கழன்றால் அதே ஓட்டையில் மறுபடி பிடிக்காது. எம்.டி.எஃப். அதைவிட நுண்ணிய நாரால் ஆனது. பரப்பு வழவழப்பாக இருக்கும், ஆனால் சாதாரண எம்.டி.எஃப். பலகைக்கும் தண்ணீர் ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'பிரீ-லேம்' என்று ஒன்று விற்கிறார்கள். அதில் பார்ட்டிகிள் போர்டின்மேல் நிறம் அச்சிட்ட ஒரே ஒரு தாளைத் தொழிற்சாலையிலேயே அழுத்தி ஒட்டியிருப்பார்கள். பார்க்க லேமினேட் மாதிரியே இருக்கும். பிளைவுட்டின்மேல் 1 மில்லிமீட்டர் தகடு ஒட்டிய வேலையும் இதுவும் ஒன்றல்ல. ஒருவர் சதுர அடிக்குச் சொல்லும் விலை இன்னொருவரைவிட மிகக் குறைவாக இருந்தால், இரண்டும் ஒரே பொருள்தானா என்று முதலில் கேளுங்கள்.

தச்சு வேலையில் கவனிக்க வேண்டியவை

கதவின் வெளிப்பக்கம் மட்டும் தகடு ஒட்டி உள்பக்கம் வெறும் பெயிண்ட் அடித்தால் கதவு வளையும். இரண்டு பக்கமும் ஈரத்தை வெவ்வேறு அளவில் குடிப்பதே காரணம். உள்பக்கமும் ஒரு லைனர் தகடு ஒட்ட வேண்டும். இது ஆடம்பரமல்ல, அவசியம்.

விளிம்புக்கு பி.வி.சி. எட்ஜ் பேண்டோ மரச் சட்டமோ கட்டாயம் வேண்டும். கதவைத் திறந்து நான்கு விளிம்புகளையும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் மூன்று பக்கம் மட்டும் மூடி, அடிப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. ஆவி நுழைவது அந்த அடிப்பக்கத்தில்தான்.

தகட்டையும் பலகையையும் கொண்டுவந்து இறக்கிய அன்றே ஒட்ட வேண்டாம். ஒரே அறையில் ஒன்றிரண்டு நாள் இருக்கட்டும். பசை தடவிய பிறகு முழுப் பரப்பிலும் சமமாக எடை ஏற்றி, பசை காயும் வரை விட வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள். கிரகப்பிரவேச நாளைக் காட்டி நாமே தச்சரை விரட்டுகிறோம். பிறகு குமிழ் வந்தால் அவரைக் குறை சொல்கிறோம்.

மர ரேகை உள்ள தகட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தகடு 8 அடிக்கு 4 அடி, 32 சதுர அடி. உங்கள் கதவு இரண்டரை அடி உயரம், ஒன்றேமுக்கால் அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். ரேகை நின்றவாக்கில் வந்தால் ஒரு தகட்டில் 6 கதவுகள் கிடைக்கும். அதே கதவுக்கு ரேகை படுத்தவாக்கில் வேண்டும் என்றால் 4 கதவுகள்தான் கிடைக்கும். ஆகவே ரேகை எந்தப் பக்கம் என்பதைத் தகடு வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். வேலை நடுவில் மாற்றினால் செலவு ஏறும். அதோடு, வேலைக்கு வேண்டிய தகடுகளை ஒரே தடவையில் வாங்குங்கள். பிறகு வாங்கும் தகட்டின் நிறம் சற்று மாறலாம்.

கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்

வாய்ப்பேச்சாக விடாமல் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேளுங்கள். நல்ல தச்சர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

1. பலகை எது, அதன் ஐ.எஸ். எண் என்ன, கனம் எவ்வளவு?
2. ஈரம் படும் இடங்களுக்குத் தனிப் பலகை உண்டா?
3. வெளித் தகட்டின் கனம், நிறுவனம், நிற எண் என்ன? லேமினேட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2046.
4. உள்பக்க லைனர் உண்டா?
5. நான்கு விளிம்புகளும் மூடப்படுமா?
6. விலை கதவின் முன்பரப்புக்கா, உள் தட்டுகளையும் சேர்த்தா?

பலகை வந்து இறங்கியதும் அதன்மேல் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் உரிம எண்ணையும் பாருங்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் உண்மையா என்று தெரிந்துவிடும். முத்திரையைத் தகடு ஒட்டி மறைக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

மேலே இருக்கும் பிளாஸ்டிக் காகிதத்தை வேலை முடிந்ததும் உரித்துவிடுங்கள். "புதுசாவே இருக்கட்டும்" என்று வருடக்கணக்கில் விட்டால் அதன் பசை தகட்டில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும். கம்பி நார், பிளீச்சிங், கழிவறை அமிலம் எதுவும் வேண்டாம். வெளிர் நிற மேட் பரப்பில் மஞ்சள் தூள் பட்டால் உடனே துடையுங்கள். கறுப்பு, பளபளப்பு நிறங்களில் போர் தண்ணீரின் உப்புக் கறை வெள்ளையாகத் தெரியும். கடைசியில் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

மிச்சத் துண்டுகளை எரிக்காதீர்கள்

இது நம் எல்லோரையும் பாதிக்கும் விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் மூட்டை மூட்டையாகத் துண்டுகள் மிஞ்சும். "மரந்தானே" என்று வெந்நீர் அடுப்பில் வைக்கிறார்கள், காலி மனையில் குவித்துக் கொளுத்துகிறார்கள், போகிக்குச் சேர்த்து வைக்கிறார்கள். இது வெறும் மரம் அல்ல. உள்ளே இருக்கும் பிசின் எரியும்போது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் நச்சுப்புகை வருகிறது. நம் தெருவில் ஆஸ்துமா உள்ள பெரியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள். பெரிய துண்டுகளை அலமாரித் தட்டுக்கோ செடித்தொட்டிக்கு அடியில் வைக்கவோ பயன்படுத்துங்கள், தச்சரிடமே திருப்பிக் கொடுங்கள், மீதியைத் துப்புரவுப் பணியாளர்களிடம் தனியாகக் கட்டிக் கொடுங்கள்.

அறுக்கும்போதும் வீட்டுக்குள் அறுக்க விடாதீர்கள். வாசலில் வைத்து அறுக்கட்டும், தச்சருக்கு ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். வேலை முடிந்த அறையில் நெடி போகும் வரை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அதன்பிறகு குழந்தைகளைத் தூங்க வையுங்கள்.

மரத்துக்கு உரிய இடம்

கடைசியாக, நம் ஊர்க்காரர்கள் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் வாகை, தேக்கு போன்ற மரங்களில் உளியால் செதுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் செய்யும் வேலைக்கு வெளியூர்களிலிருந்து ஆள் வருகிறது. நாமோ அதே ஊரில் இருந்துகொண்டு, பூஜை அறைக் கதவுக்குச் சிற்பம் மாதிரி அச்சிட்ட தகட்டை ஒட்டுகிறோம்.

வீடு முழுவதையும் மரத்தில் செய்ய நம்மில் பலருக்கு வசதி இல்லை, அது தேவையுமில்லை. சமையலறைக் கதவுக்கு மரத்தைவிட லேமினேட்டே சுலபம். ஆனால் அங்கே மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒரு பங்கை பூஜை அறைக் கதவுக்கோ தலைவாசலின் மேல் சட்டத்துக்கோ ஒதுக்கி, நம் ஊர்ச் சிற்பியிடம் கொடுக்கலாம். அது கீறல் பட்டால் இழைத்துக்கொள்ளலாம், எண்ணெய் பூசிக்கொள்ளலாம், பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும்.

ஆக, சூடும் நீரும் படும் மேடைக்குக் கல், தினமும் திறந்து மூடும் கதவுக்கு நல்ல பலகைமேல் ஒட்டிய லேமினேட், தலைமுறைக்கு நிற்க வேண்டிய இடத்துக்கு மரம். நீங்கள் அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த ஆல்பத்தைப் புரட்டும் முன், "பலகையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். வேலை தொடங்கவிருக்கும் உறுப்பினர்கள் கொட்டேஷனைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால், ஏற்கெனவே வேலை முடித்த உறுப்பினர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.